துரு கடலுக்கு... தூசி பாலைவனத்துக்கு! உத்தரகோசமங்கையில் மூன்று நாள், ஒரு குட்டி டாங்கி

“என்னத்தா இது... பாம்பன் பாலத்துக்கு அடியில நின்ன வண்டியா?”

தாத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான். ஆபீஸ் முடிந்து வந்து, நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டி, பெயின்ட் அடித்து, சென்னையிலிருந்து ராமநாதபுரம் வரை ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்த டாங்கி அது. அட்டைப்பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கி, திண்ணையில் வைத்தபோது தாத்தா கண்கலங்குவார் என்று நினைத்திருந்தேன். அவரோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து பார்த்து, “இது நான் ஓட்டின வண்டி இல்ல” என்றார்.

உத்தரகோசமங்கை என் அம்மா பிறந்த ஊர். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். “மண் முந்தியோ, மங்கை முந்தியோ” என்று பெருமையாகச் சொல்வார்கள் ஊர்க்காரர்கள். பனை, சீமைக்கருவேலம், மழையை நம்பிக் கிடக்கும் கண்மாய், வெயிலில் காயும் முண்டு மிளகாய்... இதுதான் வழியெல்லாம். கோயிலுக்காக வருபவர்கள்தான் அதிகம். நான் வந்தது ஒரு போட்டோவின் பாதியைத் தேடி.

போட்டோவில் பாதி

தாத்தா 1972-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். மகாராஷ்டிராவில் அன்றைய அகமத்நகரில் பயிற்சி. அதன் பிறகு டாங்கி டிரைவர். முதலில் ஓட்டியது நம் ஆவடியில் செய்த விஜயந்தா. 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய டாங்கி அது. பிறகு ரஷ்ய டி-72 வந்தது. அதையும் பின்னாளில் ஆவடியிலேயே ‘அஜேயா’ என்ற பெயரில் செய்தார்கள். 1986 கடைசியிலும் 87 தொடக்கத்திலும் ராஜஸ்தானில் ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற மாபெரும் ராணுவப் பயிற்சி நடந்தது. லட்சக்கணக்கான வீரர்கள் கலந்துகொண்ட அந்தப் பயிற்சியில் தாத்தாவும் இருந்தார்.

அப்போது எடுத்த ஒரே ஒரு போட்டோ வீட்டில் உண்டு. இடது பக்கம் இளவயசுத் தாத்தா, வலது பக்கம் அவருடைய டாங்கி. அந்த வலது பக்கம் இப்போது இல்லை. ஈரம் இறங்கி, பூஞ்சை பிடித்து, டாங்கி இருந்த இடம் வெள்ளைத் திட்டாகிவிட்டது. எதன் மேலோ கை வைத்தபடி தாத்தா மட்டும் நிற்கிறார். எதன் மேல் என்று தெரியாது. சின்ன வயதில் நான் அதைப் பார்த்து, “தாத்தா சுவத்துல கை வெச்சிருக்காரா?” என்று கேட்டிருக்கிறேன்.

போன வருடம் ஸ்கேல் மாடலிங் பழகியபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது இந்தப் போட்டோதான். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி எடுத்து, ஒட்டி, நிஜ வண்டியை அப்படியே சிறிதாக்கிச் செய்யும் பொழுதுபோக்கு இது. ராணுவ வண்டிகளுக்கு உலகம் முழுக்கப் பிரபலமான அளவு 35-ல் 1 பங்கு. அது ஏன் 35? ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம், 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்த பொம்மையாகச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற மாதிரி உடலை வடிவமைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் ஏறக்குறைய 35-ல் 1 பங்கு வந்தது. ஒரு பேட்டரி முடிவுசெய்த அளவு, இன்று உலகமே பின்பற்றுகிறது!

குழலோடு சேர்த்தால் நிஜ டி-72-ன் நீளம் ஒன்பதரை மீட்டர், எடை 41 டன்னுக்கும் மேல். 35-ல் 1 பங்கில் அது 27 சென்டிமீட்டர். ஒரு ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை.

ஒட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதியை ‘வெதரிங்’ என்பார்கள். புத்தம் புதிதாகப் பளபளக்கும் பொம்மையை வெயிலும் தூசியும் தின்ற நிஜ வண்டியாக மாற்றுவது. பெயின்ட் உதிர்ந்த இடம், எண்ணெய் வழிந்த தடம், புகைக் கரி... எல்லாவற்றையும் தூரிகையால் கொண்டுவர வேண்டும். நான் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, மூலைக்கு மூலை துருவை வழியவிட்டிருந்தேன். போட்டிக்கு அனுப்பலாம் என்றுகூட நண்பர்கள் சொன்னார்கள்.

தாத்தாவுக்கு அந்தத் துருதான் கோபம்.

துரு எங்கே பிடிக்கும்?

“வா” என்று எழுந்தவர், என்னை வீட்டைச் சுற்றி அழைத்துப்போனார். ஜன்னல் கம்பியைத் தடவச் சொன்னார். கை காவி நிறமானது. கொல்லையில் பழைய அடிபம்பு, துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து நின்றது. சைக்கிள் ரிம்மில் புள்ளி புள்ளியாகத் துரு.

“இங்கயிருந்து கடல் கண்ணுக்குத் தெரியுதா? தெரியாது. ஆனா காத்துல இருக்கு. உப்பு ஈரத்தை இழுத்துப் புடிச்சு வெச்சுக்கும். ஈரம் இருந்தாத்தான் துரு. ராஜஸ்தான்ல ஈரத்துக்கு எங்க போவ? அங்க துரு பிடிக்க மாசக்கணக்காகும். இங்க ஒரு ராத்திரி போதும்.”

தாத்தா சொன்னது அறிவியல். இரும்பு துருப்பிடிக்கக் காற்று மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு. அதற்குப் பெரிய சாட்சி இதே மாவட்டத்துப் பாலம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டியது. அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், உப்பைத் தாங்கும் தனி பெயின்ட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆக, நான் செய்து வைத்திருந்தது பாலைவன டாங்கி இல்லை. ராமநாதபுரத்து டாங்கி!

ஆனால் தாத்தாவின் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தினம் சாயங்காலம் வண்டியை நிறுத்துனா, நாங்க சாப்பிடறதுக்கு முன்னாடி அதுக்குத்தான் பண்டுவம். கிரீஸ் வெப்போம், போல்ட்டைத் தட்டிப் பாப்போம், ஃபில்டரை ஊதுவோம். தூசி இருக்கும், அதை ஒண்ணும் பண்ண முடியாது. துரு இருந்துச்சுன்னா டிரைவர் தூங்கிட்டான்னு அர்த்தம்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அழகு என்று நினைத்து நான் பூசிய ஒவ்வொரு துருத் தடமும், அவருடைய 24 வருட வேலையின் மேல் விழுந்த கறை!

அன்று ராத்திரியே டர்பன்டைனில் பட்ஸை நனைத்துத் துருவைத் துடைக்கத் தொடங்கினேன். நல்லவேளை, அடிப் பெயின்ட்டுக்கு மேல் வார்னிஷ் கோட்டிங் கொடுத்திருந்தேன். பச்சையும் மணல் நிறப் பட்டைகளும் சேதமில்லாமல் வெளியே வந்தன.

டிராக்டர் சொல்லிக்கொடுத்த பாடம்

மறுநாள் காலை தாத்தா கூட்டிப்போன இடம், தெருமுனையில் நின்ற ஒரு டிராக்டர். “இதைப் பாரு. பாலைவனத்துல எங்க வண்டியும் இப்படித்தான்.”

அரை மணி நேரம் அந்த டிராக்டரைச் சுற்றி வந்தோம். போகிறவர்கள் எல்லாம் “என்ன மாமா, டிராக்டர் வாங்கப் போறீகளா?” என்று கேட்டுப் போனார்கள். அதுவரை நான் பார்த்த எந்த வீடியோவும் சொல்லாததை அந்த டிராக்டர் சொன்னது.

தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியாது. மட்கார்டின் மேல் தட்டையான இடத்தில் கனமாக, செங்குத்தான பக்கத்தில் மெல்லிசாக. போல்ட் தலைகளைச் சுற்றி வளையம் போல. டீசல் மூடியைச் சுற்றி மட்டும் தூசி கறுப்பாக, பிசுபிசுப்பாக. டிரைவர் கால் வைத்து ஏறும் படியில் தூசியும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. இரும்பு வெள்ளி மாதிரி மின்னுகிறது. கை பிடிக்கும் இடமும் அப்படித்தான். எந்தக் கறையும் காரணம் இல்லாமல் இல்லை.

தாத்தா ஒவ்வொன்றையும் டாங்கிக்கு மொழிபெயர்த்தார். டி-72-ல் டிரைவர் உட்காருவது முன்பக்கம், நட்டநடுவில். அதனால் முன்சரிவில் அவர் பூட்ஸ் பட்ட இடம் தேய்ந்திருக்கும். புகைபோக்கி இடது பக்கம் பின்னால். “அந்தப் பக்கமா நடந்து வர்றவன் மூஞ்சி கரிதான்” என்று சிரித்தார். சங்கிலிப் பட்டையில் தரையைத் தொடும் பக்கம் துருவே இருக்காது. “மணல் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுக்கிட்டே இருக்கும்ல!”

மணல் டாங்கிக்கு நண்பனும் அல்ல என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தேன். 1971 டிசம்பர் 4 இரவு, ஜெய்சல்மாரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் லோங்கேவாலா எல்லைச் சாவடியைப் பாகிஸ்தானின் டாங்கிப் படை தாக்கியது. மேஜர் குல்தீப் சிங் சந்த்புரி தலைமையில் அங்கே இருந்தது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் சுமார் 120 பேர். எதிரியின் டாங்கிகள் பல புதைமணலில் சிக்கி நகர முடியாமல் நின்றன. பொழுது விடிந்ததும் நம் விமானப்படையின் ஹன்டர் விமானங்கள் வந்து அவற்றைத் தாக்கின. சந்த்புரிக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. ‘பார்டர்’ இந்திப் படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். சிக்கிய டாங்கிகளில் சில, லோங்கேவாலா போர் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

“நாங்க சேர்ந்தப்ப சீனியர்ங்க சொல்ற மொதக் கதையே அதுதான்” என்றார் தாத்தா. “துப்பாக்கிக்குப் பயப்படறதுக்கு முன்னாடி மணலுக்குப் பயப்படுன்னு சொல்லிக்கொடுத்தாங்க.”

அம்மியில் அரைத்த பாலைவனம்

இனி தூசி வேண்டும். நான் கண்மாய்க் கரையிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி வந்து தூவினேன். டாங்கி, ஜல்லி லோடு ஏற்றிய லாரி மாதிரி ஆனது!

கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. கால் மில்லிமீட்டர் மணல் துகள், 35 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கொண்டைக்கடலை அளவு கல். இந்தச் சின்ன உலகத்துக்கு நிஜ மணலே பாறைதான். மாவைவிட நைஸான பொடி வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மாச்சி வாராஹி அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். இங்கே பெண்கள் வேண்டிக்கொண்டு, மஞ்சள் கிழங்கைக் கல்லில் தங்கள் கையால் அரைத்து அம்மனுக்குக் கொடுப்பார்கள். வரிசையாகக் கற்கள், அரைக்கும் சத்தம், காற்றெல்லாம் மஞ்சள் வாசம். என் பக்கத்தில் இருந்த அக்கா கிழங்கை முதலில் நசுக்கி, பிறகு மெதுவாக இழுத்து இழுத்து வெண்ணெய் மாதிரி ஆக்கினார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாச்சியிடம் அம்மியைக் கேட்டேன்.

“எதுக்கு? மண்ணு அரைக்கவா? என் அம்மியிலயா?” அம்மாச்சி இடுப்பில் கை வைத்தார். “பொம்பளப் புள்ள டேங்க் செய்யுறான்னு சொல்லி நானே ஊரெல்லாம் பெருமை அடிச்சேன் பாரு!” கடைசியில் கொல்லையில் கிடந்த பழைய உடைந்த அம்மி எனக்கு ஒதுக்கப்பட்டது.

என்ன நிறம்? ஊர்க் கரம்பை சாம்பல் கறுப்பு. செம்மண் ரொம்பச் சிவப்பு. தாத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டாளத்துத் தூசிக் கண்ணாடியை எடுத்தார். அதன் துணிப்பட்டையின் தையல் மடிப்பைப் பிரித்து ஒரு வெள்ளைத்தாளில் தட்டினார். கடுகளவு பொடி உதிர்ந்தது. வெளிறிய மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். கிட்டத்தட்ட 30 வருடமாக அந்த மடிப்பில் இருந்த ராஜஸ்தான்!

அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் கலக்கத் தொடங்கினோம். அடிப்படைக்குக் கோலத்துக்குப் போடும் கல்மாவு, அதில் மஞ்சள் காவி, ஒரு சிட்டிகை கரம்பை. அம்மாச்சி, “கொஞ்சம் மஞ்சள்பொடி போடேன்” என்றார். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் அது மட்டும் வேண்டாம் என்றேன். அரைத்ததைத் தாத்தாவின் பழைய வேட்டித்துணியில் சலித்தோம். நாட்டு மருந்து செய்பவர்கள் சொல்லும் வஸ்திரகாயம்தான். புகைபோக்கிக் கரிக்குக் கடைக்குப் போகவே இல்லை. சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும் ஊர்ப்பக்கம் இது. ஒரு துண்டுக் கரியை அரைத்தால் நான்கு டாங்கிக்குப் போதும்.

சந்தனத்துக்குள் மரகதம்

பொடி காயட்டும் என்று வைத்துவிட்டு, சாயங்காலம் தாத்தாவோடு மங்களநாதர் கோயிலுக்கு நடந்தேன். மங்களேஸ்வரி அம்மனைக் கும்பிட்டு, தலவிருட்சமான இலந்தை மரத்தைச் சுற்றி, மரகத நடராஜர் சந்நிதிக்கு வந்தோம்.

ஒரே மரகதத்தில் செதுக்கிய திருமேனி என்று போற்றப்படும் இந்த நடராஜருக்கு வருடம் முழுக்கச் சந்தனக்காப்பு. ஒலி, ஒளி அதிர்வு தாங்காத கல் என்பதால் இப்படிக் காக்கிறார்கள் என்பது ஐதிகம். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனம் களையப்படும். அன்று தரிசிக்கத்தான் எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். மறுபடி சந்தனம் சாத்திவிடுவார்கள்.

“நீங்க மரகதத்தைப் பார்த்திருக்கீங்களா தாத்தா?”

“சர்வீஸ்ல இருந்தப்ப மார்கழியில லீவு கிடைக்காது. ரிட்டயர் ஆகி வந்துதான் பார்த்தேன்” என்றவர், கொஞ்சம் தூரம் நடந்த பிறகு சொன்னார். “பீரங்கிக் குழல் வாய்க்கு கான்வாஸ் உறை போட்டு வெப்போம். உள்ள மணல் போகக் கூடாதுல்ல... அதை மறந்துட்ட பாரு உன் வண்டியில.”

நான் சாமியை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கேயும் வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுதானோ என்னவோ!

டம்ளர் வைத்த இடம்

மூன்றாம் நாள். திண்ணையில் வேலை தொடங்கியது. பொடியை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்து, தட்டையான இடங்களில் தடவினேன். ஸ்பிரிட் ஆவியானதும் தூசி மட்டும் தங்கியது. பக்கவாட்டில் ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழே இழுத்துவிட்டேன். சக்கர ரப்பரைச் சாம்பல் நிறமாக்கினேன். டீசல் மூடியைச் சுற்றிக் கறுப்பு. சங்கிலியின் விளிம்புகளில் பென்சில் கரியைத் தேய்த்ததும் எஃகு மாதிரி மின்னியது. டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்துக் குழல் வாய்க்கு உறை போட்டேன். டிரைவர் கதவின் முன் இரண்டு பூட்ஸ் தேய்மானம்.

தாத்தா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, வலது பக்கத் தட்டின் முன்மூலையைச் சுண்டுவிரலால் காட்டினார்.

“இங்க ஒரு வட்டம் போடு.”

“என்ன வட்டம்?”

“டீ டம்ளர் வெச்ச எடம். என் கன்னர் பஞ்சாப்காரர். விடியக்காலம் எனக்கும் சேத்து டீ கொண்டாந்து இங்கதான் வெப்பாரு. எடுத்தா தூசியில வட்டமா இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அப்ப இந்தியே அரைகுறை. டம்ளரைத் தட்டுன்னா டீ வந்துருச்சுன்னு அர்த்தம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ரிட்டயர் ஆனப்புறமும் லெட்டர் போடுவாரு. அப்புறம் நின்னு போச்சு.”

ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

35-ல் 1 பங்கில் ஒரு டம்ளரின் வட்டம் இரண்டு மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனாவின் ரீஃபிளை வெட்டி, ஸ்பிரிட்டில் தொட்டு, மெல்ல அழுத்தி எடுத்தேன். தூசியில் ஒரு குட்டி வட்டம் விழுந்தது. வேறு யாராவது பார்த்தால் தப்பு என்று நினைப்பார்கள்.

தாத்தா அந்த மூலையில் ஒரு விரலை வைத்தார். அப்போதுதான் கவனித்தேன். போட்டோவில் வெள்ளைத் திட்டின் மேல் அவர் கை எந்த உயரத்தில், எந்த வாக்கில் இருந்ததோ, அதே வாக்கு. அவர் கை வைத்திருந்தது சுவரில் இல்லை. அந்த டீ டம்ளர் மூலையில்!

இப்போது டாங்கி ஷோகேஸில், போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கிளம்பும்போது அம்மாச்சி துணியோடு வந்து, “தூசியா இருக்கே, துடைச்சு வைக்கவா?” என்றார்.

“தொட்டுறாத!” என்று தாத்தா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

நீங்களும் செய்து பார்க்கலாமா?

* முதலில் பெயின்ட்டை எடுக்காதீர்கள், போட்டோவை எடுங்கள். வண்டி எந்த ஊரில், எந்தக் காலத்தில் ஓடியது என்று முடிவுசெய்துவிட்டுத் தொடங்குங்கள். கடற்கரை என்றால் துரு, பாலைவனம் என்றால் தூசி, வயல் என்றால் சேறு.
* அடிப் பெயின்ட் காய்ந்ததும் வார்னிஷ் கோட்டிங் கட்டாயம். தப்பு செய்தால் துடைத்துத் திரும்பச் செய்யலாம்.
* பொடியை அரைக்கும்போதும் தூவும்போதும் மாஸ்க் போடுங்கள். ஸ்பிரிட், டர்பன்டைன் வேலைகளை ஜன்னல் திறந்த இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் செய்தால் பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.
* வீட்டில் ராணுவத்தில் இருந்தவர்கள் இருந்தால், மாடல் முடிந்த பிறகு காட்டாதீர்கள். தொடங்கும்போதே கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதத்தில் எனக்குக் கிடைக்காதது, மூன்று நாளில் கிடைத்தது.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் செல்லும் ரயில்களில் ராமநாதபுரத்தில் இறங்கலாம். அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ உத்தரகோசமங்கை போகலாம். மரகத நடராஜரைச் சந்தனம் இல்லாமல் தரிசிக்க மார்கழித் திருவாதிரைதான் நேரம். கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். அப்படியே பாம்பன் வரை ஒரு எட்டுப் போய்ப் புதிய பாலத்தைப் பார்த்து வாருங்கள். துரு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.